ஏழைப் பகுதியில் சூப்பர் மார்க்கெட் ஏன் நிலைப்பதில்லை? ஒரு கடையின் வாரக் கணக்கு

சிகாகோவில் தனக்கிருந்த எட்டுக் கடைகளில் நான்கை மூடப்போவதாக 2023 ஏப்ரல் 11 அன்று வால்மார்ட் அறிவித்தது. 16ஆம் தேதியோடு கதவைச் சாத்தியும் விட்டது. சாத்தம், கென்வுட், லிட்டில் வில்லேஜ், லேக்வியூ ஆகியவை அந்த நான்கு இடங்கள். முதல் மூன்றும் கறுப்பினத்தவரோ மெக்சிகோ வம்சாவளியினரோ அதிகம் வாழும் தெற்கு, மேற்குப் பகுதிகள். லேக்வியூ வசதியானவர்களின் வடபகுதி. முதல் கடையைத் திறந்த 2006ஆம் ஆண்டிலிருந்து சிகாகோ கடைகள் மொத்தத்தில் லாபம் காட்டியதே இல்லை, ஆண்டுக்குப் பல கோடி டாலர் நஷ்டம், அந்த நஷ்டமும் ஐந்தாண்டில் ஏறக்குறைய இரட்டித்துவிட்டது என்று நிறுவனம் காரணம் சொன்னது.

சரக்கை மலிவாக வாங்குவதில் வால்மார்ட்டை மிஞ்ச ஆளில்லை. அதற்கே கட்டுப்படியாகாத தெருவில் தனிக் கடைக்காரர் எப்படிப் பிழைப்பார்? இப்படி ஒரு மூடல் செய்தி வரும்போதெல்லாம் ஒரு தரப்பு திருட்டைச் சொல்லும், மறுதரப்பு நிறுவனத்தின் பேராசையைச் சொல்லும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கடையை மூட வைக்கும் காரணம் பெரும்பாலும் இவற்றைவிடச் சலிப்பூட்டுவது. சூப்பர் மார்க்கெட்டின் செலவில் பெரும்பகுதி, விற்பனை குறைந்தாலும் குறையாது. அந்தப் பகுதி மக்கள் மளிகைக்குச் செலவிடும் பணத்தில் பெரும்பகுதியோ அந்தக் கடைக்கு வருவதில்லை. அரசும் நகராட்சியும் தரும் உதவி கடையைத் திறப்பதற்கு வருகிறது, நடத்துவதற்கு வருவதில்லை.

நூறு டாலரில் ஒன்றரை டாலர்

மளிகை வியாபாரம் லாபம் கொழிக்கும் தொழில் அல்ல. அமெரிக்க உணவுச் சில்லறை வணிகர்களின் சங்கமான எஃப்.எம்.ஐ. வெளியிடும் கணக்குப்படி, எல்லோரும் வீட்டிலேயே சமைத்த 2020ஆம் ஆண்டில் நிகர லாபம் விற்பனையில் 3 சதவீதம். 2023இல் அது 1.6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

ஒரு மாதிரிக் கடையை எடுத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்காக வைத்த எண்கள்தான் இவை. வார விற்பனை 3 லட்சம் டாலர். வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி 29 சதவீதம். அழுகல், உடைசல், திருட்டு, கல்லாவில் நேரும் தவறு எல்லாம் சேர்ந்த சேதாரம் 3 சதவீதம். அது போக மொத்த லாபம் 26 சதவீதம், அதாவது 78,000 டாலர். இதிலிருந்து சம்பளமும் சலுகைகளும் 36,000. வாடகை, சொத்து வரி, காப்பீடு 10,000. மின்சாரமும் குளிர்சாதனப் பராமரிப்பும் 6,500. அட்டைக் கட்டணம், பை, சில்லறைச் சாமான்கள் 5,000. விளம்பரம், கிடங்கு, தலைமை அலுவலகத்தின் பங்கு 11,000. தேய்மானம் 4,500. மொத்தச் செலவு 73,000. கையில் நிற்பது 5,000 டாலர், விற்பனையில் சுமார் 1.7 சதவீதம்.

இப்போது விற்பனை 8 சதவீதம் மட்டும் சரிந்து 2,76,000 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த லாபம் 71,760க்கு இறங்கும். செலவில் எதைக் குறைக்க முடியும்? வாடகை அப்படியே இருக்கும். குளிர்பெட்டி நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் மின்கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான். திறந்திருக்கும் நேரமெல்லாம் கல்லாவிலும் இறைச்சிப் பிரிவிலும் ஆள் வேண்டும், வண்டி வந்தால் இறக்கவும் ஆள் வேண்டும். அட்டைக் கட்டணத்திலும் பையிலும் 400 டாலரும், ஆள்நேரத்தில் இழுத்துப் பிடித்து 1,000 டாலரும் மிச்சப்படுத்தலாம். முடிவில் அந்த வார லாபம் 160 டாலர். பன்னிரண்டு வாடிக்கையாளரில் ஒருவர் வேறு கடைக்குப் போனாலே ஆண்டு முழுக்க உழைத்தும் மிச்சமில்லை என்று பொருள்.

மக்கள் இருக்கிறார்கள், பணம் வெளியே போகிறது

அமெரிக்க வேளாண்துறை ஒரு பகுதியை 'உணவுப் பாலைவனம்' என்று வகைப்படுத்த இரண்டு அளவுகோல்களைப் பொதுவாகப் பயன்படுத்தி வந்திருக்கிறது. முதலாவது வருமானம்: வறுமை விகிதம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கவேண்டும், அல்லது நடுநிலைக் குடும்ப வருமானம் சுற்றுவட்டார அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இரண்டாவது தூரம்: குறைந்தது 500 பேரோ மக்கள்தொகையில் 33 சதவீதமோ பெரிய மளிகைக் கடையிலிருந்து நகரத்தில் 1 மைலுக்கும் கிராமத்தில் 10 மைலுக்கும் அப்பால் வசிக்கவேண்டும். வரைபடத்தில் இது தெளிவாகத் தெரியும். ஆனால் மக்கள் தங்கள் வீட்டிலிருந்து அளந்து பார்த்தா கடைக்குப் போகிறார்கள்?

ஹன்ட் ஆல்காட், ரெபெக்கா டயமண்ட், ழான்-பியர் துபே உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பலரின் நம்பிக்கையைக் கலைத்தது. கடையில்லாத பகுதியில் சூப்பர் மார்க்கெட் திறந்தபோது அங்குள்ளவர்கள் புதுக் கடையில் வாங்கினார்கள். ஆனால் அதுவரை அந்தப் பணம் தூரத்து சூப்பர் மார்க்கெட்டுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் வாங்கிய உணவின் தரம் பெரிதாக மாறவில்லை. பணக்காரர், ஏழை இடையே உள்ள ஊட்டச்சத்து வேறுபாட்டில் கடை வசதியும் விலையும் விளக்குவது சுமார் 10 சதவீதம் மட்டுமே என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இதை வைத்து 'ஏழைகளுக்குக் கடையே தேவையில்லை' என்று சொல்வது அவசரம். கார் இல்லாத முதியவருக்கு அந்த ஒரு மைல் பெரிய தூரம். கடைக்காரருக்கு இந்த ஆய்வு சொல்லும் சேதி வேறு: உங்கள் வாடிக்கையாளர் ஏற்கெனவே வேறொரு கடையின் வாடிக்கையாளர்.

கார் வைத்திருப்பவர் மாதச் சரக்கைப் புறநகர்ப் பெருங்கடையில் வாங்கிவிட்டு, பால் தீர்ந்தால் மட்டும் பக்கத்துக் கடைக்கு வருவார். நடந்து வருபவர் தூக்க முடிந்த அளவே வாங்குவார். ஆக ஒவ்வொரு பில்லும் சிறியது. 60 டாலர் பில் ஒன்றைப் போடுவதைவிட 20 டாலர் பில் மூன்றைப் போட அதிக நேரம் பிடிக்கும். அட்டையைத் தேய்ப்பதும் பையில் போடுவதும் மூன்று முறை நடக்கிறது. விற்பனை அதேதான், கல்லாவின் கூலி மட்டும் ஏறுகிறது.

எதை விற்கிறோம் என்பதிலும் சிக்கல் உண்டு. சூப்பர் மார்க்கெட்டுக்கு நல்ல லாபம் தருவது சமைத்த உணவு, பேக்கரி, பூ, ஒயின், அழகுசாதனப் பொருள் போன்றவை. பால், முட்டை, டப்பா உணவு ஆகியவை வாடிக்கையாளரை இழுக்கக் குறைந்த லாபத்தில் விற்கப்படுபவை. மத்திய அரசின் உணவு உதவித் திட்டமான ஸ்நாப் அட்டையில் சூடான சமைத்த உணவு, மது, சோப்பு, டயாபர் எதையும் வாங்க முடியாது. அட்டை வாடிக்கையாளர் அதிகமுள்ள கடையில் விற்பனைக் கலவை லாபம் குறைந்த பக்கமே சாயும். நம் மாதிரிக் கடையில் மொத்த லாபம் 26இலிருந்து 24 சதவீதமாக இறங்கினால் வாரத்துக்கு 6,000 டாலர் போய்விடும், இருந்த லாபமே 5,000தான்.

ஸ்நாப் பணம் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. நாட்டு அளவில் பாதிக்கும் மேல் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே செலவாகிவிடுகிறது. எந்த நாளில் யாருக்குப் பணம் ஏறும் என்பதை மாநிலம் தீர்மானிக்கிறது. சில மாநிலங்களில் எல்லோருக்கும் 1ஆம் தேதியே, சிலவற்றில் இருபது நாள்வரை பிரித்து. எல்லாம் ஒரே நாளில் வரும் இடத்தில் மாதத் தொடக்கத்தில் வரிசை தெருவுக்கு வரும், 25ஆம் தேதி வாக்கில் காய்கறி அழுகும். மாதத்தின் முதல் வாரத்துக்கு ஏற்ற ஆளும் குளிர்பெட்டியும் கடைசி வாரத்தில் வெறும் செலவு. இது மாநில அரசு உதவித் தொகையைக் கூட்டாமலேயே சரிசெய்யக்கூடிய ஒன்று, ஏனோ விவாதங்களில் அதிகம் அடிபடுவதில்லை.

தொகை மாறினாலும் கடை ஆடும். கொரோனா காலத்தில் குடும்பத்துக்கு மாதம் குறைந்தது 95 டாலர் கூடுதலாகக் கிடைத்துவந்த ஸ்நாப் உதவி 2023 பிப்ரவரியோடு நாடு முழுவதும் நின்றது. 2025 ஜூலையில் நிறைவேறிய வரி, செலவினச் சட்டம் பத்தாண்டில் 18,000 கோடி டாலருக்கும் மேல் ஸ்நாப் செலவைக் குறைக்கிறது. விற்பனையில் பெரும்பகுதி இந்த அட்டையில் நடக்கும் கடைக்கு, முன்பு பார்த்த 8 சதவீதச் சரிவு கற்பனை அல்ல.

ஒரு பெட்டி லெட்டூஸ்

சரிவு தொடங்கியதும் முதலில் அடிபடுவது காய்கறிப் பிரிவு. 24 லெட்டூஸ் கொண்ட பெட்டி ஒன்றின் விலை 36 டாலர், ஒன்றை 2.29 டாலருக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். 24உம் விற்றால் சுமார் 19 டாலர் லாபம். 17 விற்றால் 3 டாலர்கூட இல்லை. 15தான் விற்றது என்றால் நஷ்டம். மொத்த வியாபாரி பாதிப் பெட்டி தருவதில்லை. இலை வாடுவதற்குள் பெட்டி தீர்ந்தாக வேண்டும்.

விற்பனை மந்தமானால் மேலாளர் இரண்டில் ஒன்றைச் செய்வார். பெட்டிகளைக் குறைத்து அலமாரியை மெலிய வைப்பார், அல்லது வாடியதை இன்னும் ஒரு நாள் வைத்திருப்பார். இரண்டையும் வாடிக்கையாளர் உடனே கவனிப்பார். முதலில் விலகுபவர் போக வேறு இடம் உள்ளவர், அதாவது கார் உள்ளவர், பெரிய பில் போடுபவர். 'அந்தக் கடையில் காய்கறி நன்றாக இருக்காது' என்று ஊரில் சொல்லப்படுவதும், 'இங்கே காய்கறி விற்காது' என்று தலைமை அலுவலகத்தில் சொல்லப்படுவதும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள்.

இந்த நிலையில் டாலர் ஜெனரல் போன்ற மலிவுவிலை 'டாலர் கடை' பக்கத்தில் முளைத்தால் கதை வேகமாக முடியும். அந்தக் கடைகளில் பெரும்பாலும் இரண்டு மூன்று பேரே வேலை பார்ப்பார்கள். பெட்டியுணவு, சோப்பு, காகிதப் பொருள், நொறுக்குத்தீனி என அழுகாத சரக்கே அதிகம். சூப்பர் மார்க்கெட்டின் அழுகலைத் தாங்கிக்கொண்டிருந்த உலர்சரக்கு லாபத்தை அவை எடுத்துக்கொள்ள, அழுகல் மட்டும் சூப்பர் மார்க்கெட்டிடம் மிஞ்சும். ஓக்லஹோமாவின் டல்சா நகரம் 2018இல் வடபகுதியில் புதிய டாலர் கடைகளுக்கு இடையே ஒரு மைல் இடைவெளி வேண்டும் என்று விதி கொண்டுவந்தது இதனால்தான்.

திருட்டு எவ்வளவு

சேதாரம் 3 சதவீதத்திலிருந்து 5 ஆனால் நம் மாதிரிக் கடை வாரம் 1,000 டாலர் நஷ்டத்தில் ஓடும். எனவே திருட்டு சாதாரணச் சங்கதி அல்ல. ஆனால் நிறுவனங்கள் வெளியே சொல்லும் எண்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் படிக்கவேண்டும். 2021இல் ஏற்பட்ட 9,450 கோடி டாலர் சேதாரத்தில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் திட்டமிட்ட திருட்டுக் கும்பல்கள் என்று சொன்ன அமெரிக்கச் சில்லறை வணிகச் சங்கம், 2023 டிசம்பரில் அந்தக் கூற்றைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஜனவரியில் வால்கிரீன்ஸ் மருந்துக்கடை நிறுவனத்தின் நிதித் தலைவர், சேதாரம் 3.5இலிருந்து சுமார் 2.5 சதவீதமாக இறங்கிவிட்டது, முந்தைய ஆண்டில் தாங்கள் இதைப் பற்றி அளவுக்கு மீறிப் புலம்பியிருக்கலாம் என்று முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டார்.

திருட்டைத் தடுக்கும் வழிகளுக்கும் விலை உண்டு. துணிசோப்பையும் பற்பசையையும் கண்ணாடிக்குள் பூட்டினால் சாவியோடு ஓர் ஆள் வரும்வரை நிற்கப் பொறுமையில்லாதவர் வாங்காமலேயே போவார். பூட்டப்படுபவை பெரும்பாலும் லாபம் தரும் பொருள்களே. கதவருகே ஒரு காவலரை வாரத்துக்கு 90 மணி நேரம் நிறுத்தினால், மணிக்கு 30 டாலர் வீதம் 2,700 டாலர். அது நம் கடையின் லாபத்தில் பாதிக்கு மேல். வசதியான பகுதிக் கடைக்குப் பெரும்பாலும் இந்தச் செலவு இல்லை.

சங்கிலி நிறுவனம் எப்படி முடிவெடுக்கிறது

தனிக் கடைக்காரர் பணம் தீர்ந்தால் மூடுவார். சங்கிலி நிறுவனத்தின் கணக்கு வேறு, லாபத்தில் ஓடும் கடையைக்கூட அது மூடும். முதலில் பார்ப்பது தலைமை அலுவலகப் பங்கை நீக்கிவிட்டுக் கடையின் நான்கு சுவருக்குள் மிஞ்சும் பணம். அடுத்து, மூடினால் அந்த விற்பனையில் எவ்வளவு தன் பக்கத்துக் கடைக்கே வரும் என்பது. மூன்று மைல் தள்ளி இன்னொரு கிளை இருந்து, விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு அங்கே போகுமானால், வாடகையும் சம்பளமும் இல்லாமலேயே அந்த லாபம் வந்துவிடும். வாடிக்கையாளருக்குக் கூடுதலாக ஆகும் பேருந்துக் கட்டணம் இந்தத் தாளில் எங்கும் இராது.

தேதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள். ஒன்று குத்தகை முடிவு. மற்றது குளிர்சாதன இயந்திரம். பழைய கடைகள் பலவற்றில் ஓடிய ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயுவின் உற்பத்தியும் இறக்குமதியும் 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் நின்றுவிட்டன. மீட்டெடுத்த வாயுவை வாங்கி ஒட்டுப்போடலாம், அல்லது பெருந்தொகை போட்டு மொத்த அமைப்பையும் மாற்றலாம். வாரம் 5,000 டாலர் மிஞ்சும் கடைக்கு 10 லட்சம் டாலர் போட்டால் நாலு ஆண்டு லாபம் முழுதும் அதற்கே போய்விடும். அதே பணத்தை வேறு ஊர்க் கடையில் போட்டால் விரைவில் திரும்பும் என்று யாரோ ஒருவர் ஒரு தாளைக் காட்டுவார்.

மூடிய பிறகும் சில நிறுவனங்கள் இடத்தை விடுவதில்லை. போட்டியாளர் வராமலிருக்கக் காலிக் கடைக்கு வாடகை கட்டுவதும், மனையை விற்கும்போது 'இங்கே மளிகை விற்கக்கூடாது' என்று பத்திரத்தில் எழுதுவதும் பழைய வழக்கம். கதவு சாத்தியது வியாபாரம் என்றால், பிறர் திறக்காமல் தடுப்பது வேறு வகை. பேராசைக் குற்றச்சாட்டுக்குச் சரியான இடம் இதுதான் என்பேன்.

உதவி எந்த நாளில் வருகிறது

சிகாகோவின் எங்கிள்வுட் பகுதியில் ஹோல் ஃபுட்ஸ் என்ற சங்கிலி நிறுவனம் 2016இல் ஒரு கடை திறந்தது. அந்த வணிக வளாகத்துக்காக நகரம் சுமார் 1 கோடியே 7 லட்சம் டாலர் வரிப்பணம் தந்தது. 2022 நவம்பரில் கடை மூடியது. ஃபுளோரிடாவின் பால்ட்வின் என்ற சிற்றூரில் 2019இல் நகராட்சியே கடை நடத்திப் பார்த்து 2024இல் கைவிட்டது. மிசூரியின் கன்சாஸ் சிட்டியில் நகருக்குச் சொந்தமான வளாகத்தில் 2018இல் திறந்த சன் ஃப்ரெஷ் சூப்பர் மார்க்கெட், 2025 ஆகஸ்ட்டில் மூடியது. இவற்றை நடத்தியவர்கள் வெவ்வேறு வகையினர்: விலைகூடிய சங்கிலி, நகராட்சி, லாபநோக்கற்ற அமைப்பு. ஆனால் மூன்றிலும் கட்டடத்துக்கோ திறப்புக்கோ பணம் கிடைத்தது, வாரப் பற்றாக்குறைக்கு நிலையான வழி இருக்கவில்லை.

நம் மாதிரிக் கடை வாரம் 4,000 டாலர் நஷ்டத்தில் ஓடுகிறது என்று வைத்தால் ஆண்டுக்கு 2,08,000 டாலர். எங்கிள்வுட் வளாகத்துக்குக் கொடுத்த தொகையில் அப்படி ஒரு கடையை ஐம்பது ஆண்டு தாங்கியிருக்கலாம். கடைக்குக் கடை பற்றாக்குறை மாறும் என்றாலும், பணம் எங்கே தேவை என்பதை இந்தக் கணக்குக் காட்டிவிடுகிறது. ஆண்டுதோறும் ஒதுக்குவதைவிட ஒருமுறை நாடா வெட்டுவது அரசியல்வாதிக்கு எளிது, அவ்வளவுதான்.

பென்சில்வேனியா 2004இல் 3 கோடி டாலரோடு தொடங்கிய புத்துணவு நிதித் திட்டம் 88 கடைகளுக்கு உதவியது. புதுக் கடை மட்டுமே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், ஏற்கெனவே பகுதியை அறிந்த கடைகளைப் புதுப்பிக்கவும் விரிவாக்கவும் கடனும் மானியமும் தந்தது அதன் நல்ல அம்சம். 40,000 சதுர அடிக்குப் பதில் 12,000 சதுர அடிக் கடை என்றால் வாடகை, மின்சாரம், ஆள் மூன்றும் இறங்கும், சமநிலைக்கு வேண்டிய விற்பனையும் இறங்கும். கொள்முதல் விலைதான் அங்கே முட்டுக்கட்டை. ஒரே சரக்கைப் பெரிய கடைக்கு மலிவாகவும் சின்னக் கடைக்கு விலை கூட்டியும் விற்பதைத் தடுக்கும் ராபின்சன்-பேட்மன் சட்டம் 1936இலிருந்து இருக்கிறது. 1980களிலிருந்து அதை அரசு ஏறக்குறைய அமல்படுத்தவே இல்லை.

மூடலை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். மற்றக் கிளைகள் புதுப்பிக்கப்பட்டும் இந்தக் கடை விடுபட்டுப் போவது, இறைச்சி வெட்டுபவரை எடுத்துவிட்டு வெளியிலிருந்து பொட்டலமாக வரவழைப்பது, திறப்பு நேரம் சுருங்குவது, பழுதான குளிர்பெட்டியைச் சரிசெய்யாமல் குடிநீர்ப் பாட்டில் அடுக்குவது, மருந்துப் பிரிவின் நோயாளிப் பதிவுகளை வேறு கடைக்கு விற்பது. கடைசி அடையாளம் தெரிந்தால் வாரங்கள்தான் மிச்சம். குத்தகைத் தேதியைக் கட்டட உரிமையாளரிடமே கேட்கலாம்.

சட்டப்படியான அவகாசம் குறைவு. 100 ஊழியர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், 50 பேராவது வேலையிழக்கும் மூடலுக்கு 60 நாள் முன்பே ஊழியர்களுக்கும் உள்ளாட்சிக்கும் தெரிவிக்கவேண்டும் என்கிறது மத்தியச் சட்டம். சம்பளத்தைத் தொடர்ந்து கொடுத்தால் கதவை உடனே சாத்தலாம். சிகாகோவில் வால்மார்ட் ஆகஸ்ட் 11 வரை சம்பளம் தந்து, கடையை ஐந்து நாளில் மூடியது அப்படித்தான்.

அந்த 60 நாளில் நகரம் செய்யவேண்டியவற்றில் முதலாவது குளிர்பெட்டிகளும் அலமாரிகளும் ஏலத்துக்குப் போகாமல் கட்டடத்தோடு நிற்கப் பேசுவது. கழற்றிவிட்டால் புதிதாக வருபவர் லட்சக்கணக்கில் முதல் போடவேண்டியிருக்கும். இரண்டாவது, பத்திரத்தில் மளிகைத் தடை ஏறாமல் பார்ப்பது. மூன்றாவதைப் பலரும் மறக்கிறார்கள்: ஸ்நாப் அட்டை ஏற்கும் அனுமதி கடைக்கு அல்ல, உரிமையாளருக்கு. கைமாறினால் பழைய அனுமதி செல்லாது, புதியவர் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், முடிவுக்கு 45 நாள்வரை ஆகலாம். திறப்பு விழாவுக்குப் பிறகு விண்ணப்பித்த கடை, அட்டை வாடிக்கையாளரை ஒன்றரை மாதம் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பும். அவர்கள் அதற்குள் வேறு கடைக்குப் பழகிவிடுவார்கள்.